வீட்டாரின் எடை

“அப்பா, நீங்க திருப்பவே இல்லையே, கார் ஏன் திரும்புச்சு?”

பின் இருக்கையில் பள்ளிப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள் ஒருநாள் காலையில் இப்படிக் கேட்டாள். கார் அப்போதுதான் பாலத்தில் ஏறியிருந்தது. சாலையும் பாலமும் சேரும் இடத்தில் தார் போட்டு ஒட்டிய ஒரு மேடு உண்டு. முன்சக்கரங்கள் அதில் ஏறி இறங்கிய நொடியில், யாரோ வெளியிலிருந்து பிடித்து இழுத்ததுபோல் கார் ஓரமாக ஒரு சாண் விலகிப் போய், பிறகு தன் பாதைக்கு வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள் அசையவே இல்லை.

“ரோடு சரியில்ல கண்ணு,” என்றார் அப்பா.

முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வாசலில் மகளை இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் தானும் இறங்கும்போதுதான் வாய் திறந்தாள். அங்கே மருந்து கொடுக்கும் ஜன்னலில் அவளுக்கு வேலை.

“கோவமெல்லாம் இல்லைங்க. இந்தக் கார் நேரா போற வரைக்கும் நானும் பாப்பாவும் பஸ்ல போயிக்கிறோம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். அவள் மருந்துச்சீட்டைப் படித்துச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கடைவீதியில் அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்கு வரும்போது மகள் பெரும்பாலும் தூங்கியிருப்பாள். அதனால் காலையில் மூன்று பேரும் காரில் சேர்ந்து போகும் அந்தச் சிறிது நேரம்தான் அவருக்குக் குடும்பம். மகள் வகுப்புச் சண்டைகளைச் சொல்வதும், மனைவி ஹேர்ப்பின்னை வாயில் கவ்விக்கொண்டே பதில் சொல்வதும், இவர் நடுவில் ஏதாவது உளறி இருவரிடமும் திட்டு வாங்குவதும் எல்லாம் அந்த நேரத்தில்தான். மறுநாளிலிருந்து அது இல்லாமல் போனது. காலியாக இருந்த காரை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போனார். வழியில் ஒரு பஸ் அவரை முந்தியது. ஜன்னல் வழியே மகள் கையசைத்தாள். பஸ்ஸுக்குள் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். அது அவருக்கு இன்னும் கொஞ்சம் வலித்தது.

காரை அப்படி ஆக்கியது வேறு யாருமில்லை, அவரேதான். பழைய இரண்டு கதவுக் கார். ஆசை ஆசையாகப் பெயின்ட் அடித்து, அகலமான சக்கரம் போட்டு, போன வருஷம் ஸ்பிரிங்கையும் குட்டையாக மாற்றித் தரையோடு தரையாக இறக்கியிருந்தார். எதிர்வீட்டுக்காரர், “எறும்பு குறுக்க வந்தா ஹார்ன் அடிப்பீங்களா, இல்ல இறங்கி வழி கேப்பீங்களா?” என்று கேட்பார். இவருக்கு அந்தக் கேலியும் பிடித்திருந்தது.

மனைவியின் தம்பி பஸ் டிப்போவில் மெக்கானிக். விடுமுறை நாளில் வந்து காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

“மாமா, கட்டில் தூக்கியிருக்கீங்களா?”

“எதுக்குடா?”

“ரெண்டு பேர் கட்டில் தூக்கி மாடிப்படி ஏறுறாங்க. ஒரே மாதிரி ஏறினா கட்டில் நேரா போகும். ஒருத்தன் முந்தினா கட்டில் திரும்பிக்கும். உங்க சக்கரத்தை ரெண்டு பேர் பிடிச்சிருக்காங்க. அடியில தாங்குற கீழ் ஆர்ம் ஒண்ணு, ஸ்டியரிங்லருந்து வர்ற ராடு ஒண்ணு. கம்பெனிக்காரன் வெச்ச உயரத்துல ரெண்டும் ஒத்துமையா ஏறி இறங்கும். நீங்க காரை இறக்கிட்டீங்க. இப்ப மேடு வந்தா ரெண்டும் வேற வேற வழியில போகுது. ராடு சக்கரத்தை இழுக்குது. அதான் நீங்க சும்மா இருந்தாலும் கார் திரும்புது.”

“அப்ப ஸ்பிரிங்கைப் பழையபடி மாத்திடலாமா?”

“மாத்தலாம். அப்புறம் நீங்க மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிவீங்க. அக்கா என்னைத் திட்டும். இதுக்குன்னே திருத்துற சாமான் இருக்கு, வாங்க.”

இருவரும் உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். நீளமான குறுகிய கடை. இரண்டு பக்கமும் கூரை வரை அட்டைப்பெட்டிகள். கடையை நடத்தும் அம்மா ஏணியில் ஏறிப் பெட்டிகளை எடுத்து வந்து கண்ணாடி மேஜையில் பரப்பினார். ஒரு தொகுப்பில் ராடின் முனை மட்டும் இருந்தது. நீளமான போல்ட், பளபளக்கும் உருண்டை மூட்டு, இடையில் சொருக விதவிதமான கனத்தில் வாஷர்கள். வாஷரைக் கூட்டிக் குறைத்து உயரத்தை விரும்பியபடி வைக்கலாம். இன்னொரு தொகுப்பு பார்க்கச் சாதுவாக இருந்தது. ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும், கழுத்து நீண்ட பால் ஜாயின்ட் ஒரு ஜோடி, அதற்கு ஏற்ற அளவில் கழுத்து நீண்ட ராடு முனை ஒரு ஜோடி, எல்லாவற்றுக்கும் கறுப்பு ரப்பர் உறை. கூட்டுவதற்கோ குறைப்பதற்கோ அதில் ஒன்றும் இல்லை.

மைத்துனன் முதலாவதை எடுத்துக் கையில் உருட்டினான். “இதான் மாமா! பந்தயக் கார்ல போடுறது. பாருங்க, வைரம் மாதிரி இருக்கு.”

“வைரம்னா மழையில நனையலாம்,” என்றார் கடைக்கார அம்மா. “இதுக்கு உறை கிடையாது. தூசி, தண்ணி உள்ள போச்சுன்னா லொடலொடன்னு ஆடும். மாசாமாசம் துடைச்சுப் பார்க்கணும்.”

“எங்க மாமாவுக்குத் துடைக்கிறதுதான் தொழிலே!”

கண்ணாடிக்காரருக்கும் வாஷர்கள்மேல்தான் கண். மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை வித்தியாசம். லென்ஸ் பெட்டியைத் திறந்ததுபோல இருந்தது. ஆனாலும் தயங்கினார். தயக்கம் எதனால் என்று அவருக்கே தெரியவில்லை.

கடைக்கார அம்மா அதைப் பார்த்தார். “தம்பி, ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. மாட்டிப் பாருங்க. எது ஒத்து வருதோ அதை வெச்சுக்கிட்டு இன்னொண்ணைக் கொண்டாங்க.”

“மாட்டினா அழுக்காயிடுமே அக்கா.”

“காருக்கு அடியில போற சாமான் அழுக்காகாம என்ன செய்யும்? உங்க வீட்டுக்காரங்க பஸ்ல நிக்கிறாங்கன்னு இந்தத் தம்பி சொல்லுச்சு. போங்க.”

அந்த வாரக் கடைசியில் வீட்டுக் கொட்டகையில் காரைத் தூக்கி நிறுத்தினார்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரம் இருந்த இடத்தில் தட்டையான ஒரு பலகையை முடுக்கினார்கள். பலகையின் முன்முனையிலும் பின்முனையிலும் அசைவை அளக்கும் டயல் முள் ஒவ்வொன்று தொட்டுக்கொண்டிருந்தது. ஜாக்கியால் மெல்ல உயர்த்தும்போது இரண்டு முட்களும் ஒன்றுபோல் நகர்ந்தால் சக்கரம் நேராக ஏறுகிறது என்று பொருள். ஒன்று முந்தினால் சக்கரம் திரும்புகிறது. கண்ணாடிக்காரருக்கு இது பழகிய விளையாட்டு. ஒரு வாஷரைச் சேர்த்தார், ஒன்றை எடுத்தார், மறுபடி சேர்த்தார். போல்ட் ஓரிடத்தில் இறுகிக்கொள்ள, மைத்துனன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதில் மரை கொஞ்சம் நசுங்கியது. மாலைக்குள் இரண்டு முட்களும் இரட்டைப் பிள்ளைகள்போல் சேர்ந்து நடந்தன.

அவர் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார். மேடு வந்தது, போனது. கார் நூல் பிடித்தாற்போல் சென்றது. திரும்பி வந்து இன்னொரு தடவை ஏற்றிப் பார்த்தார். தனியாக இருந்தும் வாய்விட்டுச் சிரித்தார். ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். இரண்டாவது தொகுப்பின் பெட்டியை அவர் திறக்கவே இல்லை.

திங்கள்கிழமை மனைவியும் மகளும் காரில் ஏறினார்கள். மனைவி காலை நீட்டி வசதியாகவே உட்கார்ந்தாள். பாலம் வந்தது. மேட்டில் ஏறியதும் கார் விலகியது. முன்னைப்போல் ஒரு சாண் இல்லை, அதில் பாதிதான். ஆனால் விலகியது.

“திரும்புச்சு!” என்றாள் மகள்.

“இல்லம்மா. நான்தான் ஓட்டிப் பார்த்தேனே, ஒண்ணுமே இல்ல. பயந்து பயந்து உங்களுக்குப் பழகிப்போச்சு. அதான் அப்படித் தோணுது.”

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. பாலம் இறங்கியதும், “இங்கயே நிறுத்துங்க, பஸ் வர்ற நேரம்தான்,” என்றாள். மகள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அவர் கடையைத் திறந்தார். தினமும் விளக்கைப் போட்டதும் கண்ணை மூடிச் சிறிது நேரம் நிற்பது அவர் வழக்கம். இன்று வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்பதுதான் அவருடைய பிரார்த்தனை. அன்று அதையும் மறந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் ஆளாக வந்தவர் தையல்காரர். போன வாரம்தான் புதுக் கண்ணாடி வாங்கியிருந்தார்.

“கோவிச்சுக்காதீங்க. இது எனக்குச் சரியா இல்ல. ஊசிக் காது ரெண்டாத் தெரியுது.”

“இங்க உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படிச்சீங்களே?”

“இப்பவும் படிப்பேன். பாருங்க.” தையல்காரர் சுவரிலிருந்த எழுத்துகளைக் கடகடவென்று படித்தார். “ஆனா மெஷின்ல உட்கார்ந்தா தெரியலையே. எனக்குத்தான் ஏதாவது கோளாறா?”

கண்ணாடிக்காரர் இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடமும் சொல்லாத வார்த்தை ஒன்று உண்டென்றால், அது ‘உங்களுக்கு அப்படித் தோணுது’ என்பதுதான். தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் கண்ணுக்குள் போய் இவரா பார்க்க முடியும்?

“கோளாறு உங்களுக்கு இல்லைங்க. மெஷின்ல எப்படி உட்காருவீங்களோ அப்படி உட்கார்ந்து காட்டுங்க.”

தையல்காரர் ஸ்டூலை இழுத்துப்போட்டு, முதுகை வளைத்து, முகத்தை மேஜைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கண்ணாடி மூக்கில் வழுக்கி இறங்கியது. கண்கள் லென்ஸின் மேல் விளிம்பு வழியாகப் பார்த்தன.

“அதான் விஷயம். இங்க நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். நீங்க வேலை செய்யறது குனிஞ்சு. நீங்க எப்படி இருப்பீங்களோ அப்படி வெச்சு அளக்காம, நான் எனக்குச் சௌகரியமா வெச்சு...”

பேச்சு பாதியில் நின்றது.

“என்னாச்சு?” என்றார் தையல்காரர்.

“ஒண்ணுமில்ல. நீங்க குனிஞ்சபடியே இருங்க, அளந்துக்கிறேன்.”

அளந்து முடித்து அவரை அனுப்பிவிட்டுக் கண்ணாடிக்காரர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். கொட்டகையில் அளந்தபோது காரில் ஆள் இல்லை. பாலத்தில் ஓட்டிப் பார்த்தபோது அவர் மட்டும். அந்தக் கார் அவர் ஒருவருக்காகத் திருத்தப்பட்டிருந்தது. மனைவியும் மகளும் ஏறி உட்கார்ந்ததும் கார் இன்னும் தாழ்ந்திருக்கும். அங்கிருந்து மேடு ஏறும்போது நடப்பதை அவர் அளக்கவே இல்லை. அளக்காததோடு நிற்கவும் இல்லை. யாரோ ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்ல நா எழாததை வீட்டாருக்குச் சொல்லிவிட்டார். ஒருவர் சொல்வதை நம்புவது பெரிய புண்ணியகாரியம் இல்லை. ஆனாலும் வெளியாருக்குத் தாராளமாகக் கிடைக்கும் அந்த நம்பிக்கை, சொந்த வீட்டில் அவ்வப்போது கிடைக்காமல் போய்விடுகிறது.

அன்று சீக்கிரமே கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனார். மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவரும் எதிரில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தார்.

“கார் திரும்பத்தான் செஞ்சுது. நீ சொன்னதுதான் சரி.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“சொல்லாம இருந்ததும் சரிதான். பாப்பா சொன்னதும் சரி. எனக்குத் தோணினதைத்தான் உங்க தலையில கட்டிட்டேன்.”

அவள் அவர் மடித்த துண்டை வாங்கி, பிரித்து, ஒழுங்காக மடித்தாள். “சாப்பிடுங்க முதல்ல,” என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது.

“நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் கொட்டகையில வந்து கார்ல உட்காரணும்.”

“எங்க போறதுக்கு?”

“எங்கயும் இல்ல. சும்மா உட்காரணும். எடைக்கு.”

மறுநாள் அரசு விடுமுறை. மனைவி வேலைக்குப் போகும் சேலையைக் கட்டி, கைப்பையும் சாப்பாட்டுப் பையுமாக வந்தாள். மகள் புத்தகம் நிறைந்த பள்ளிப்பையோடு பின்னால் ஏறினாள். “பையையும் சேர்த்து அளக்கணும்ல?” என்றாள். மைத்துனன் கதவைச் சாத்திவிட்டு, பஸ் கண்டக்டர்போல் கூரையில் தட்டினான்.

“டிக்கெட், டிக்கெட்! அக்கா, நீ ஏறினதும் பாரு, காருக்கே மூச்சு வாங்குது.”

“நான் இறங்கி வந்தேன்னா உனக்கு வாங்கும்.”

கண்ணாடிக்காரர் ஸ்டியரிங் முன்னால் தானும் உட்கார்ந்துகொண்டு, மைத்துனனை அளக்கச் சொன்னார். மைத்துனன் சக்கரத்துக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்கும் இடையே அளவுகோலை வைத்தான். விசில் அடித்தான்.

“மாமா, அக்கா பக்கம் ஒரு கட்டைவிரல் தாழ்ந்திருக்கு. நாம அளந்ததே வேற இடம்.”

அந்த உயரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டார்கள். எல்லாரும் இறங்கினார்கள். ஸ்பிரிங்கைக் கழற்றி, பலகையைப் பழையபடி மாட்டி, இந்தத் தடவை அந்தக் குறியிலிருந்து மேலே ஏற்றினார்கள். தொடக்கத்தில் சேர்ந்து நடந்த முட்கள், ஏற ஏறப் பிரிந்தன. வாஷரைச் சேர்த்தால் மேலே ஒழுங்காகி, கீழே கெட்டது. எடுத்தால் கீழே ஒழுங்காகி, மேலே கெட்டது. மைத்துனன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“ஆர்ம் சரிஞ்சபடியே இருக்கு. ராடை மட்டும் எத்தனை தடவை திருத்தினாலும் ஓரிடத்துலதான் ஒத்துப்போகும். ரெண்டையும் சேர்த்துத்தான் திருத்தணும் போல.”

படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: “அப்ப அந்தப் பெட்டியில இருக்கிறது என்ன?”

மூலையில் திறக்காமல் கிடந்த பெட்டி அது. அதிலிருந்த நீண்ட கழுத்துப் பால் ஜாயின்ட்டைக் கீழ் ஆர்மில் மாட்டினார்கள். அதன் ஜோடியான முனையை ராடில் மாட்டினார்கள். மாட்டியதும் ஆர்மும் ராடும் அடுக்கி வைத்த இரண்டு அகப்பைகள்போல் ஒரே சாய்வில் நின்றன. கண்ணாடிக்காரர் ஜாக்கியை உயர்த்தினார். முட்கள் சேர்ந்து நகர்ந்தன. குறிக்கு மேலே போனது, இன்னும் மேலே போனது, முட்டும் வரை போனது. பிறகு கீழே, அவர் தனியாக ஓட்டும் உயரத்துக்கும் கீழே இறக்கினார். முட்கள் பிரியவே இல்லை.

“கூட்ட ஒண்ணுமில்ல, குறைக்க ஒண்ணுமில்ல,” என்று மைத்துனன் ஏமாற்றத்தோடு சொன்னான். “இதுல என்ன மாமா சுவாரசியம்?”

“எனக்கு இதுவே போதும்டா.”

மறுநாள் காலை மூன்று பேரும் கிளம்பினார்கள். பாலம் நெருங்கியதும் மனைவியின் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. மகள், தன் பென்சிலைக் கடித்துத் திருப்பிக் கொடுத்த பெண்ணைப் பற்றி ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேடு வந்தது. கார் ஏறியது, இறங்கியது, நேராகப் போனது.

“...அப்புறம் அவ என்ன சொன்னா தெரியுமா? உன் பென்சில்தான் ருசியா இருக்குன்னா!”

யாரும் எதையும் கவனிக்கவில்லை. மனைவி கைப்பிடியை விட்டுவிட்டு, கைப்பைக்குள் ஹேர்ப்பின்னைத் தேடினாள். “அவளுக்குப் பசியா இருந்திருக்கும்டி,” என்றாள் பின்னை வாயில் கவ்வியபடி. கண்ணாடிக்காரர் நடுவில் ஏதோ உளறினார். இருவரும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு, நிறைந்த மனதோடு ஓட்டினார்.

அன்று மதியத்துக்கு முன் உதிரிபாகக் கடைக்குப் போய் வாஷர் தொகுப்பை மேஜையில் வைத்தார். எவ்வளவு துடைத்தும் உருண்டை மூட்டின் பளபளப்பு போய்விட்டது. நசுங்கிய மரையையும் அவரே எடுத்துக் காட்டினார்.

“இதை யாரும் வாங்க மாட்டாங்க அக்கா. ரெண்டுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துடுறேன்.”

கடைக்கார அம்மா போல்ட்டை வாங்கிப் பார்த்தார். மேஜையின் கண்ணாடிக் கதவைத் திறந்து, உள்ளே ஒரு மூலையில் அதை நிற்க வைத்தார். “சாம்பிளுக்கு ஒண்ணு வேணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். மாட்டிப் பாருங்கன்னு சொன்னது நான்தானே? அதுக்கு உங்ககிட்ட வாங்கலாமா? வீட்டுக்காரங்க ஏறிட்டாங்களா, அதைச் சொல்லுங்க.”

“ஏறிட்டாங்க அக்கா.”

“அது போதும்.” முகம் மலர்ந்தது. பிறகு, “இந்தாங்க, நல்ல வேளை வந்தீங்க. இதுல ஆணி விழுந்துக்கிட்டே இருக்கு. கம்பி சுத்தி வெச்சிருக்கேன். சும்மா இருக்கிறப்ப ஒரு ஆணி போட்டுக் கொடுங்க, சாயந்திரம் வர்றப்ப வாங்கிக்கிறேன்,” என்று தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

தம் கடைக்கு வந்து, சாப்பாட்டு நேரத்துக்கு ஷட்டரைப் பாதி இறக்கினார். வீதியிலும் நடமாட்டம் இல்லை. கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லென்ஸ் முழுக்கக் கீறல். இரும்புத்தூளோடு சேலை முந்தானையால் துடைத்துத் துடைத்து, பனி படிந்ததுபோல் மங்கியிருந்தது. இத்தனை நாளும் அந்த அம்மா இந்த மூட்டத்தின் வழியேதான் பெட்டி எண்களைப் படித்திருக்கிறார்.

சாப்பாட்டுப் பையைத் திறக்காமல் ஓரமாக வைத்தார். பழைய லென்ஸின் பவரைக் கருவியில் வைத்து அளந்துகொண்டு, அதே பவரில் புது லென்ஸ் ஒரு ஜோடி எடுத்தார். பழையதன் வடிவத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்தார். ஃபிரேமை மெருகேற்றவில்லை. அதன் நிறம் போன மூலைகளையும் மூக்குப்பிடியின் பச்சைக் கறையையும் அப்படியே விட்டார். ஆணி போட்டதைத் தவிர வேறெதுவும் அந்த அம்மாவின் கண்ணில் படக் கூடாது. லென்ஸ்களைப் பொருத்தி, சுற்றியிருந்த கம்பியைப் பிரித்தெடுத்து, அந்தச் சின்ன ஆணியைப் போட்டு முடுக்கினார்.

பழைய லென்ஸ்களைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கூடையின் அடியில் போட்டார். பிறகு ஷட்டரை மேலே தூக்கினார்.